முள் ஏறினால் போதுமா? இடம் மாறும் டிஷ்ஷும் மீட்டர்களும்

வீட்டு மொட்டைமாடியில் பதித்த டிஷ்ஷை ஒருமுறை சரியாகத் திருப்பி நட்டை இறுக்கிவிட்டால், ஆண்டுக்கணக்கில் அதைத் தொட வேண்டியதில்லை. இடம் மாறும் டிஷ்ஷின் பாடு வேறு. ஐரோப்பாவில் கேரவன் வண்டியில் ஊர் சுற்றுபவர்கள் போகுமிடமெல்லாம் முக்காலியை நிறுத்தி, 60 அல்லது 80 செ.மீ. டிஷ்ஷை மாட்டி, மறுபடி முதலிலிருந்து தேடுகிறார்கள். செய்தித் தொலைக்காட்சிகளின் நேரலை வண்டிகளுக்கும் இதே வேலைதான், இன்னும் கண்டிப்பான விதிகளோடு.

35,786 கிலோமீட்டர் உயரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் ஒரு பொருளை எதை நம்பிக் குறிபார்ப்பது? இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டாகப் பதில்கள் சேர்ந்துவருகின்றன. சிலர் கணக்கை நம்புகிறார்கள், சிலர் மீட்டர் முள்ளை. சிலருக்குத் திரையில் வரும் எண்தான் சாட்சி. வேலையை மோட்டாரிடமே விட்டுவிடுபவர்களும் உண்டு. இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், சண்டை பெரும்பாலும் கருவிகளைப் பற்றியது அல்ல என்று தோன்றுகிறது. எந்தப் பக்கம் பார்ப்பது, அங்கே கிடைத்தது யாருடைய சிக்னல், அதன் மீது எவ்வளவு நேராக நிற்கிறோம் என்று மூன்று தனிக் கேள்விகள் இதற்குள் இருக்கின்றன. ஒரு கேள்விக்கு ஏற்ற கருவியிடம் மற்றொன்றுக்கும் விடை கேட்பதில்தான் பல மாலைப்பொழுதுகள் வீணாகின்றன.

மீட்டர் தேவைப்படாத காலம்

நிலநடுக்கோட்டுக்கு மேலே, பூமியோடு சேர்ந்து சுழலும் வட்டத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1945 அக்டோபர் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் எழுதினார். 30 ஆண்டுகள் கழித்து இந்தியா அதைக் கிராமங்களில் சோதித்துப் பார்த்தது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் சென்றன. அப்போது கொழும்பில் வசித்த கிளார்க்கின் வீட்டிலும் இஸ்ரோ பொறியாளர்கள் ஓர் ஆன்டெனாவை அமைத்துக் கொடுத்தார்கள்.

அந்தக் கிராமத்து டிஷ்கள் கோழிக்கூட்டு வலைக்கம்பியால் செய்யப்பட்ட 3 மீட்டர் வட்டங்கள். இன்றைய டிஷ்ஷைவிடப் பல மடங்கு பெரியவை என்றாலும் திருப்புவதற்கு எளியவை. காரணம் அலைவரிசை. டிஷ்ஷின் பார்வை எவ்வளவு அகலம் என்பதை அலைநீளமும் விட்டமும் தீர்மானிக்கின்றன. அலைநீளத்தை விட்டத்தால் வகுத்து 70-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ டிகிரியில் விடை வரும். 860 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய அந்த டிஷ்ஷுக்குப் பார்வை 8 டிகிரி அகலம். ஓரிரு டிகிரி பிசகினாலும் பெரிய இழப்பு இல்லை. இன்று 11.7 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் 60 செ.மீ. டிஷ்ஷுக்கு அது 3 டிகிரி, 90 செ.மீ. என்றால் 2 டிகிரிதான். 1988 டிசம்பரில் ஏவப்பட்ட ஆஸ்ட்ரா 1ஏ, ஐரோப்பிய வீடுகளுக்குச் சிறிய டிஷ்ஷைக் கொண்டுவந்தபோது, குறிபார்க்கும் சிக்கலும் கூடவே வந்தது.

கணக்கை நம்புபவர்கள்

முதல் முகாமுக்கு வடிவியல் போதும். ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, செயற்கைக்கோள் நிற்கும் தீர்க்கரேகை ஆகிய மூன்றும் தெரிந்தால், வடக்கிலிருந்து எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்ற திசைக்கோணமும், அடிவானத்திலிருந்து எவ்வளவு நிமிர வேண்டும் என்ற ஏற்றக்கோணமும் கிடைத்துவிடும். லண்டனிலிருந்து 28.2 டிகிரி கிழக்கில் நிற்கும் ஆஸ்ட்ராவுக்குத் திசை சுமார் 145, ஏற்றம் சுமார் 25. சென்னையிலிருந்து 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15க்குத் திசை சுமார் 134, ஏற்றம் சுமார் 68. முன்பு அட்டவணையில் தேடியதை இப்போது கைபேசிச் செயலி நொடியில் சொல்கிறது. கேமராவைத் தூக்கிப் பிடித்தால் வானத்தில் புள்ளி வைத்தும் காட்டுகிறது.

கணக்கில் பிழையில்லை; அதைத் தரையில் இறக்கும்போதுதான் தடுமாற்றம். காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. லண்டனிலும் சென்னையிலும் இந்த வேறுபாடு ஓரிரு டிகிரிக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் 15 டிகிரியை நெருங்கும். அதைவிடப் பெரிய தொல்லை இரும்பு. கேரவனின் அடிச்சட்டமோ முக்காலியோ அருகில் இருந்தால் திசைகாட்டி எளிதாகப் பத்து டிகிரி பொய் சொல்லும். கைபேசிக்குள் இருப்பதும் அதே காந்த உணரிதான்.

ஏற்றக்கோணத்திலும் ஒரு பொறி உண்டு. வீட்டு டிஷ்கள் பெரும்பாலும் ஆஃப்செட் வகை. அவற்றின் பார்வை முகத்துக்கு நேராகச் செல்லாமல், 20 டிகிரிக்கு மேல் உயர்ந்து செல்கிறது. அதனால் லண்டனில் டிஷ் சுவர்போலச் செங்குத்தாக நிற்பதாகத் தோன்றும், உண்மையில் அது 25 டிகிரி மேலே பார்த்துக்கொண்டிருக்கும்.

திசைகாட்டியை நம்பாதவர்கள் சூரியனை நம்புகிறார்கள். செயற்கைக்கோளின் திசைக்கோணத்தைச் சூரியன் கடக்கும் நிமிடத்தைக் கணக்கிட்டு, அந்த நேரத்து நிழலை வைத்துத் திருப்புவது பழைய, நம்பகமான வழி. லண்டனில் ஆண்டு முழுவதும் இது பலிக்கும். சென்னையில் அப்படியல்ல: ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுவதால், தென்கிழக்குத் திசையை அது தொடுவதே இல்லை.

கணக்கு முகாமின் எல்லை இங்கே தெரிகிறது. எந்தப் பக்கம் தேடுவது என்பதை அது சொல்லிவிடுகிறது. 3 டிகிரிப் பார்வைக்குள் நடுப்புள்ளியைப் பிடித்துத் தருவது அதனால் ஆகாத காரியம்.

முள்ளை நம்புபவர்கள்

உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, இருபுறமும் கேபிள் மாட்டும் முனைகள், நடுவே ஒரு முள், பக்கத்தில் ஒரு திருகு. சந்தையில் எஸ்எஃப்-95 என்ற பெயரில் பரவிய மலிவான ஃபைண்டர் மீட்டரை உலகெங்கும் டிஷ் மாட்டுபவர்கள் அறிவார்கள். அது, டிஷ்ஷின் முன்னே சிக்னலைப் பெறும் எல்என்பிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நடுவில் உட்காரும். பாக்ஸிலிருந்து எல்என்பிக்குப் போகும் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்திலேயே அதுவும் இயங்கும். பாக்ஸ் பக்கத்தில் இல்லாதவர்கள் பேட்டரிப் பெட்டியைக் கட்டிக்கொள்வார்கள்.

உள்ளே நடப்பது எளிமையானது. எல்என்பி, வானிலிருந்து வரும் 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் அலைகளை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி அனுப்புகிறது. மீட்டர் அந்தப் பட்டை முழுவதையும் மொத்தமாகப் பெருக்கி, ஒரு டயோடு வழியாக அளந்து, முள்ளை அசைக்கிறது; கூடவே பீப் ஒலியின் சுருதியையும் ஏற்றுகிறது. எந்த அலைவரிசை, எந்தச் சேனல் என்ற பேதம் அதற்குக் கிடையாது.

அனுபவமுள்ளவர் கையில் இது வேலை செய்யும் விதம் பார்க்கத் தகுந்தது. டிஷ்ஷை வெற்று வானத்தை நோக்கி வைத்து, முள் அளவுகோலின் அடிப்பகுதியில் நிற்கும்வரை திருகைக் குறைக்கிறார். ஏற்றக்கோணத்தைக் கணக்குப்படி வைத்துவிட்டு, விளிம்பை இரு விரலால் பிடித்து மெல்ல, மிக மெல்ல, பக்கவாட்டில் நகர்த்துகிறார். முள் ஏறத் தொடங்குகிறது. உச்சியை எட்டி ஒட்டிக்கொண்டால் திருகை மறுபடி குறைத்து, மறுபடி தேடுகிறார். முள் அதிகபட்சம் காட்டும் இடத்தில் அவர் நிறுத்துவதில்லை. இடப்பக்கம் முள் ஓர் அளவு இறங்கும் இடத்தையும், வலப்பக்கம் அதே அளவு இறங்கும் இடத்தையும் குழாயில் பென்சிலால் குறித்துக்கொண்டு, நடுவில் நிறுத்துகிறார். மேலும் கீழும் இதையே திரும்பச் செய்கிறார். பிறகு ஸ்பேனர். நட்டை இறுக்கும்போது டிஷ் அரை டிகிரி நழுவுவது வழக்கம் என்பதால், கண் முள்ளை விட்டு விலகுவதில்லை.

நடுவில் நிறுத்துவதற்குக் காரணம் பார்வைக் கற்றையின் வடிவம். மையத்திலிருந்து விலகினால் ஏற்படும் இழப்பு விலகலின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. 60 செ.மீ. டிஷ் 0.3 டிகிரி விலகினால் இழப்பு 0.12 டெசிபெல், எந்த மலிவு முள்ளும் இதைக் காட்டாது. ஒரு டிகிரி விலகினால் 1.3 டெசிபெல், ஒன்றரை டிகிரியில் 3 டெசிபெல். உச்சி தட்டையானது, சரிவுகள் செங்குத்தானவை. தெளிவாகத் தெரியும் சரிவுகளைக் கொண்டு உச்சியைக் கண்டுபிடிப்பதே புத்திசாலித்தனம்.

இந்த முகாமின் பலம் உடனடித்தன்மை. கை அசைந்த கணமே முள் அசைகிறது. டிஜிட்டல் திரை எதுவும் இந்த வேகத்தை எளிதில் எட்டவில்லை.

பலவீனம், அது எதை அளக்கிறது என்பதில் இருக்கிறது. பூமியும் சுவரும் மரமும் ஏறத்தாழ 290 கெல்வின் வெப்பநிலையில் ரேடியோ இரைச்சலை உமிழ்கின்றன. தெளிந்த வானம் உமிழ்வது அதில் சிறு பங்கு. எல்என்பிக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டினாலே முள் ஏறும். எனவே பலவீனமான செயற்கைக்கோளைவிடப் பக்கத்து வீட்டுச் சுவர் அதிகமாகக் காட்டுவது நடக்கக்கூடியதே. முள்ளுக்கு அது சத்தம்; யார் எழுப்பிய சத்தம் என்பது அதன் வேலையல்ல.

கிடைத்தது யாருடைய சிக்னல்?

தமிழ்நாட்டு வானத்தில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. 91.5 டிகிரியில் மெயாசாட், 93.5 டிகிரியில் ஜிசாட்-15, 95 டிகிரியில் எஸ்இஎஸ்-8 என்று டிடிஎச் சேவைகள் பயன்படுத்தும் செயற்கைக்கோள்கள் நெருக்கமாக நிற்கின்றன. மூன்றுமே முள்ளை உச்சிக்கு ஏற்றும். 2010 ஜூலையில் இன்சாட்-4பியில் மின்வழங்கல் கோளாறு ஏற்பட்டு அதன் டிரான்ஸ்பாண்டர்களில் (சிக்னலைப் பெற்றுத் திருப்பி அனுப்பும் கருவிகளில்) ஒரு பெரும் பகுதி நிறுத்தப்பட்டபோது, டிடிஎச் சேவையான சன் டைரக்ட் 93.5-இலிருந்து 91.5-க்கு, மெயாசாட்-3க்கு, இடம் பெயர்ந்தது. வட்டப்பாதையில் 2 டிகிரி. சென்னைக் கூரையில் நிற்கும் டிஷ்ஷுக்கோ அது திசைக்கோணத்தில் ஏறத்தாழ 5 டிகிரி, ஏற்றத்தில் ஒன்றரை டிகிரி. இத்தகைய மாற்றத்தில் ‘முள் முன்பு இருந்த அளவுக்கு ஏறிவிட்டது’ என்பது எதையும் நிரூபிக்காது.

இதே கணக்கிலிருந்து நடைமுறைக்கு உதவும் இன்னொன்றும் கிடைக்கிறது. செயற்கைக்கோள் எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ, அவ்வளவுக்குப் பக்கவாட்டு அசைவின் பலன் குறையும். லண்டனில் முக்காலியை ஒரு டிகிரி திருப்பினால் பார்வை 0.9 டிகிரி நகர்கிறது. சென்னையில் 0.37 டிகிரிதான். ஐரோப்பியக் கையேடுகளில் படித்ததை அப்படியே நம்பி இங்கே திசைகாட்டியோடு மல்லாடுவதைவிட, ஏற்றக்கோணத்தை அக்கறையாக வைப்பது பலன் தரும்.

சரியான செயற்கைக்கோளையே பிடித்தாலும் பிரச்சினை தீராமல் போகலாம். 2014 தொடக்கத்தில் பிபிசி, ஐடிவி சேனல்கள் பல, பிரிட்டனை மட்டும் குறிவைக்கும் குறுகிய கற்றை கொண்ட ஆஸ்ட்ரா 2இ-க்கு மாறின. தெற்கு ஸ்பெயினில் குடியிருந்த பிரிட்டிஷ்காரர்கள் பலர் அந்தச் சேனல்களை இழந்தார்கள். அதே 28.2 டிகிரியில் ஐரோப்பா முழுவதற்குமான கற்றையில் வேறு சேனல்கள் வலுவாக வந்துகொண்டிருந்தன. மீட்டர் முள்ளின் பார்வையில் டிஷ் கச்சிதமாக நின்றது.

மூன்றாவது ஏமாற்று, எல்என்பியின் முறுக்கு. நேர்கோட்டு முனைவாக்கத்தில், அதாவது அலை ஒரே தளத்தில் அதிரும்படி, வரும் சிக்னலுக்கு எல்என்பியும் அதே சாய்வில் இருக்க வேண்டும், சென்னையிலிருந்து 93.5-ஐப் பார்க்கும்போது வடிவியல் கேட்கும் சாய்வு ஏறத்தாழ 45 டிகிரி. எல்என்பியை நேராக மாட்டினால் இரு முனைவாக்கங்களும் ஒன்றோடொன்று கலந்து வரும். மொத்தச் சத்தத்தை மட்டும் கேட்கும் முள்ளுக்கு இது பெரிதாகத் தெரியாது. பெரிய நிலையங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது: 1962 ஜூலையில் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் அனுப்பிய முதல் படத்தை பிரான்ஸின் பிளமர்-போடு தெளிவாகப் பிடித்தது. இங்கிலாந்தின் கூன்ஹில்லிக்கு மங்கலாகவே வந்தது. அங்கே ஆயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ள ஆன்டெனா சரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வட்ட முனைவாக்கத்தின் சுழல்திசை மட்டும் தலைகீழாக அமைக்கப்பட்டிருந்தது.

எண்களை நம்புபவர்கள்

டிஜிட்டல் ஒளிபரப்புக்கான டிவிபி-எஸ் தரநிலை 1990களின் நடுவில் வந்தபோது அடையாளம் காட்டும் வசதியும் சேர்ந்து வந்தது. ஒவ்வொரு தரவு ஓடையிலும் ஒரு வலையமைப்பு அட்டவணை பயணிக்கிறது. செயற்கைக்கோள் எந்த டிகிரியில், கிழக்கா மேற்கா என்பதைச் சொல்ல அதில் இடம் உண்டு. சாட்லிங்க் டபிள்யூஎஸ்-6906 போன்ற சிறு டிஜிட்டல் மீட்டர்கள் ஒரு குறிப்பிட்ட டிரான்ஸ்பாண்டரைப் பூட்டி, அதன் தரத்தைக் காட்டுகின்றன. விலை கூடிய கருவிகள் எம்இஆர் என்ற தர அளவு, பிழை விகிதம், அலைக்கற்றைப் படம் எல்லாம் தருகின்றன. முறுக்குப் பிழையும் இவற்றில் தெரியும்; எல்என்பியைத் திருகத் திருக எண் ஏறுவதைக் காணலாம்.

இந்த முகாமின் வாதம் வலுவானது, ஆனால் இரண்டு சந்தேகங்கள் மிஞ்சுகின்றன. முதலாவது, மீட்டரில் ஏற்றப்பட்ட பட்டியல் பழசானால் அது இல்லாத டிரான்ஸ்பாண்டரைத் தேடிக்கொண்டிருக்கும். டிவிபி-எஸ் மட்டும் அறிந்த மீட்டர், அதன் அடுத்த வடிவமாக 2005க்குப் பிறகு பரவிய எஸ்2 ஓடையின் மீது நேராக நின்றாலும் ‘சிக்னல் இல்லை’ என்றே சொல்லும். சரியான இடத்தைத் தாண்டிப் போய்விட இது போதும். அதோடு பூட்டுவதற்கு நேரம் எடுக்கிறது. கையை நகர்த்திவிட்டு ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது சந்தேகம் செட்டாப் பாக்ஸ் திரையில் வரும் சதவீதக் கோடுகளைப் பற்றியது. ‘ஸ்ட்ரெங்த்’ கோடு பெரும்பாலும் முள் சொல்வதையே வேறு உடையில் சொல்கிறது. ‘குவாலிட்டி’ உண்மையில் பயனுள்ளது, ஆனால் பொது அளவுகோல் கிடையாது. ஒரு பாக்ஸில் 70 என்பது இன்னொன்றில் 55 ஆக இருக்கலாம். ‘எனக்கு 80 வருகிறது, உனக்கு ஏன் 60?’ என்ற ஒப்பீட்டில் பொருளில்லை.

மோட்டாரிடம் விடுபவர்கள்

பொத்தானை அழுத்தினால் தானே தேடி நிற்கும் டிஷ்களை கேரவன் உலகம் நன்கு அறியும். ஜெர்மனியின் டென் ஹாஃப்ட் தயாரிக்கும் ஆய்ஸ்டர் வகை வண்டிக் கூரையிலேயே பொருத்தப்படுகிறது. அமெரிக்காவில் முக்காலியே வேண்டாத, குமிழ்மூடிக்குள் அமர்ந்த வைன்கார்டு கருவிகள் உண்டு. கணக்கு, முள், அடையாளம் மூன்றையும் இவை தாமே செய்கின்றன. விலை ஒருபுறம் இருக்க, கூரையில் நிரந்தரமாகப் பொருத்தியதை மரத்தடியிலிருந்து பத்தடி தள்ளி வைக்க முடியாது. வண்டியையே நகர்த்த வேண்டும். முக்காலிக்கு இந்தச் சிக்கல் இல்லை. எளிய கருவிக்கு இங்கே தெளிவான மேன்மை இருக்கிறது.

ஸ்டார்லிங்க் ஆன்டெனாக்கள் கற்றையை மின்னணு முறையில் திருப்புகின்றன. முதல் தலைமுறையில் இருந்த மோட்டார் பிந்தைய வடிவங்கள் சிலவற்றில் இல்லை; எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று செயலி சொல்கிறது. திறந்த வானம் வேண்டும் என்ற நிபந்தனை அங்கும் நீங்கவில்லை.

சிக்னலை வானுக்கு அனுப்பும் டிஷ்களுக்கு, சற்றுப் பிசகினாலும் பரவாயில்லை என்ற சலுகை செல்லாது. அமெரிக்காவில் தகவல்தொடர்பு ஒழுங்காணையமான எஃப்சிசி 1983-இல் செயற்கைக்கோள்களுக்கு இடையே 2 டிகிரி இடைவெளியை ஏற்றது முதல், பிசகிய டிஷ் பக்கத்துச் செயற்கைக்கோளின் சேவையைக் கெடுத்துவிடும் வாய்ப்பு கூடியிருக்கிறது. அதனால் நேரலை வண்டி, கட்டுப்பாட்டு மையத்தைத் தொலைபேசியில் அழைத்து, முனைவாக்கத்தை அங்கிருந்து சரிபார்த்த பிறகே முழு வலுவில் ஒளிபரப்புகிறது.

இன்னும் தீராதவை

மேலே சொன்ன முகாம்கள் ஒன்றையொன்று வெல்லவில்லை. ஒவ்வொன்றும் மற்றதன் இடைவெளியில் நிற்கிறது. கணக்கில் தொடங்கி, முள்ளால் சரிவுகளைத் தேடி, பாக்ஸின் குவாலிட்டியால் அடையாளத்தையும் முறுக்கையும் உறுதிசெய்யும் கலவை முறைக்கு ஆதாரம் அதிகம் என்று சொல்லலாம். மலிவு மீட்டரை ஒதுக்கிவிட வேண்டும் என்ற வாதம் மிகை. அது போதும் என்ற வாதம் அதைவிட மிகை.

தீர்வு எட்டாத இடம், எப்போது ‘முடிந்தது’ என்று சொல்வது என்பதில் இருக்கிறது. டிஜிட்டல் படம் நல்லபடியாக வரும், அல்லது சில்லுசில்லாக உடைந்து நின்றுபோகும்; மெல்ல மங்குவது அதற்குத் தெரியாது. ஒரு டிகிரி பிசகிய டிஷ்ஷும் கச்சிதமான டிஷ்ஷும் தெளிந்த வானில் ஒரே படத்தைத்தான் தரும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாலையில்தான் அந்த 1.3 டெசிபெல் கணக்குத் தீர்க்கும். டிஷ் சிறியதானால் பார்வை அகன்று, திருப்புவது எளிதாகும். அதே காரணத்தால் பக்கத்துச் செயற்கைக்கோளின் குறுக்கீடும் கூடும், மழைக்கான மிச்சமும் குறையும். கையில் தூக்கிச் செல்லும் டிஷ்ஷுக்கு எந்த அளவு உகந்தது என்பதற்கு ஊருக்கு ஊர் விடை மாறுகிறது.

தொழில்முறை மீட்டர்கள் சில, படம் உடைவதற்கு இன்னும் எத்தனை டெசிபெல் மிச்சம் இருக்கிறது என்பதை நேரடியாகக் காட்டுகின்றன. டிஷ்ஷைத் திருப்பும் ஒருவருக்கு உண்மையில் தேவையான எண் அதுதான். செட்டாப் பாக்ஸுக்குள் சிக்னலிலிருந்து தரவைப் பிரித்தெடுக்கும் டிமாடுலேட்டர் சில்லு சிக்னலின் தரத்தை எப்படியும் கணக்கிடுகிறது, எந்த அளவில் படம் உடையும் என்பதும் அதன் தரநிலையிலேயே இருக்கிறது. அந்தக் கழித்தல் கணக்கைச் செய்து விடையைத் திரையில் போடுவதற்குப் பதில், பொருள் விளங்காத ஒரு சதவீதக் கோட்டைக் காட்டும் வழக்கம் ஏன் தொடர்கிறது என்ற கேள்விக்குத் தயாரிப்பாளர்களிடமிருந்துதான் பதில் வர வேண்டும்.